வெள்ளச்சி குடித்த கஞ்சி

இம்மாகுலேற்றுக்குக் குளிர் பரம எதிரி. லண்டனுக்கு வந்த முதல் மாரிக் குளிரிலேயே, தோர்ண்டன் ஹீத் வீட்டு ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய பேப்பரைத் திணித்து அடைத்துவிட்டாள். காற்றுக்கூட அவளைக் கேட்டுத்தான் உள்ளே வரவேண்டும். சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்தது. புருஷன் பெனடிக்ற் ஓயாமல் செருமினான். அவள் விடுவாளா? பிடித்தால் பிடித்த பிடிதான்.

அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த இடமோ வெட்டவெளி. ரயில் பாதைக்குப் பின்னால், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கவென்று ஒரு சின்னப் பண்ணை இருந்தது. சில ஆடுகள், கோழிகள், ஒரு கிழட்டுக் கழுதை. பஸ்ஸுக்கு நின்றவள் ஆடு கத்துவதைக் கேட்டு உள்ளே போனாள். பொறுப்பாயிருந்த பெறில் என்ற வெள்ளைக்காரி என்ன ஏது என்று கேட்காமல் கொட்டில் கூட்டத் தும்புத்தடியைக் கையில் கொடுத்தாள். சம்பளமில்லை. ஆனாலும் மறுநாளும் போனாள். மன்னாரை விட்டு வந்தபின் அவள் வரவைக் கண்டு தலை தூக்கிப் பார்த்த முதல் உயிர், ஒரு வெள்ளைப் பெட்டையாடு, அங்கேதான் நின்றது. அதற்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்தாள். பண்ணைப் பலகையில் டெய்சி என்றுதான் எழுதியிருந்தது. அதை யார் பார்த்தது?

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம் வானம் பிய்ந்தது போலப் பனி கொட்டியது. ரயிலில்லை, பஸ்ஸில்லை. தூரத்திலிருந்த பெறிலால் வர ஏலவில்லை. வெள்ளச்சியோ நிறைசினை. இன்றைக்கோ நாளைக்கோ என்று மடி இறங்கி நின்றது. நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தவள் இம்மாகுலேற் ஒருத்திதான். ஆட்டைக் குளிரிலிருந்து காப்பாற்றுவது தன் தலையில் விழுந்த பொறுப்பு என்று எண்ணினாள்.

தன் வீட்டுக்குச் செய்ததையே கொட்டிலுக்கும் செய்தாள். மாதா கோயிலில் கிடந்த பழந்துணி மூட்டையைக் கொண்டுவந்து பலகை இடுக்குகளில் திணித்தாள். மேல்பாதிக் கதவைப் பொலித்தீனால் மூடினாள். எறும்பு நுழைய வழியில்லை என்று கண்டபிறகே வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து திறந்தால் உள்ளே ஒரே புழுக்கம். மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. சுவரெல்லாம் தண்ணீர் வடிந்து வைக்கோல் ஈரமாகிக் கிடந்தது. வெள்ளச்சி தலையைத் தொங்கப்போட்டபடி செருமிக்கொண்டு நின்றது. தண்ணீர் வாளியை மோந்தும் பார்க்கவில்லை. குளிர் இன்னும் போகவில்லையாக்கும் என்று இம்மாகுலேற் தன் சுவெற்றரைக் கழற்றி அதன் முதுகில் போட்டாள்.

அந்த நேரம், பனியில் நடந்தே வந்த பெறில் கொட்டில் வாசலில் வந்து நின்றாள். பீற்றூட் போலச் சிவந்த முகம். வந்தவள் முதல் வேலையாகப் பொலித்தீனைப் பிடித்து இழுத்தாள். மற்ற நுனியை இம்மாகுலேற் பற்றிக்கொண்டாள்.

"விடமாட்டன். குளிரிலை செத்துப்போகும்."

அவள் தமிழில் சண்டை பிடிக்க, பெறில் இங்கிலிசில் பிடித்தாள். பாஷை புரியாவிட்டாலும் சண்டை தடையில்லாமல் நடந்தது. கடைசியில் பெறில் அவள் கையைப் பிடித்து வெள்ளச்சியின் மயிருக்குள் புதைத்தாள். மேல்மயிர் ஈரத்தில் சில்லிட்டிருந்தது. உள்ளே, தோலோடு ஒட்டிய பஞ்சு மயிரில், அப்போதுதான் இறக்கிய சோறு போலச் சூடு. குளிரை அது தாங்கும், ஈரமும் அடைபட்ட காற்றும்தான் நெஞ்சில் இறங்கும் என்று பெறில் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். பாதி விளங்கியது. மீதியை ஆட்டின் செருமல் சொன்னது. இம்மாகுலேற் பிடியை விட்டாள். அவள் பிடியை விட்டது அதுதான் முதல் தடவை.

துணியைப் பிடுங்கி, ஈர வைக்கோலை அள்ளி, காய்ந்ததைப் பரப்பினார்கள். வெள்ளச்சியின் மூச்சு இலகுவானது. ஆனால் தண்ணீர் குடிக்கவில்லை. பெறில் கேத்திலில் சுடவைத்துக் கொடுத்தாள், அதற்கும் முகத்தைத் திருப்பியது. குடிக்காத ஆடு என்ன தெம்பில் குட்டி ஈனும்? பெறிலின் முகம் கறுத்தது. இம்மாகுலேற் வீட்டுக்கு ஓடினாள்.

வேலைக்குப் போக வழியில்லாத பெனடிக்ற் சோறு வடிக்க ஆயத்தமாக நின்றான். அவள் பானையைப் பறித்தாள்.

"என்ரை சாப்பாடப்பா!"

"சோறு உங்களுக்கு. கஞ்சி வெள்ளச்சிக்கு."

உப்புக்கல் போட்ட இளஞ்சூட்டுக் கஞ்சியை வெள்ளச்சி ஒருமுறை மோந்தது. பிறகு தாடி நனைய உறிஞ்சியது. வாளி காலியானபின்னும் அடியை நக்கியது. பெறில் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

ஒரு வீட்டுக் கஞ்சி எத்தனை வேளைக்குக் காணும்? இம்மாகுலேற் தெருவிலிருந்த தமிழ் வீடுகளின் கதவைத் தட்டினாள். மூலைவீட்டு அருமைநாயகி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்: "மனுசருக்கே வழியில்லை, நீ ஆட்டுக்குக் கஞ்சி இரக்க வந்திட்டாய்?"

"சிங்கிலை ஊத்திறதைத்தானே கேக்கிறன், அக்கா. சிங்க் குடிச்சுக் குட்டி போடப்போகுதே?"

அருமைநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் புருஷனின் பூட்ஸைக் கொளுவிக்கொண்டு அவளே பானையோடு பண்ணைக்கு வந்தாள். அன்று மத்தியானம் வெள்ளச்சி இரண்டு குட்டி ஈன்றது. இரண்டாவது அசையாமல் கிடந்தது. பெறில் பின்கால்களைப் பிடித்துத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினாள். அது தும்மியது. இம்மாகுலேற் சிலுவை போட்டாள். பக்கத்தில் நின்ற சைவக்காரி அருமைநாயகியும் கை கூப்பினாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் இம்மாகுலேற் ஜன்னல் பேப்பரையெல்லாம் பிடுங்கத் தொடங்கினாள். குளிர் வருகுதே என்று பெனடிக்ற் போர்வைக்குள்ளிருந்து முறையிட்டான்.

"வரட்டும். ஆட்டுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமே?"

ஈஸ்டருக்கு முந்திய தவசு காலம் பிறக்கும்போது அவன் செருமலும் நின்றிருந்தது. பெறிலின் பெயராலே இம்மாகுலேற் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். பெறிலுக்கு அது தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்றில், மாசி மாதம், திரும்பவும் அதேபோலப் பனி கொட்டியது. இந்த முறை நிறைசினையாக நின்றது வெள்ளச்சியின் மகள், அன்றைக்குத் தும்மிய குட்டி. காலையில் பண்ணைக்குப் புறப்பட்ட இம்மாகுலேற் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். தெருநீளத்துக்குத் தமிழ் வீட்டுப் படிகளில் மூடி போட்டு, துவாய் சுற்றிய பானைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிப் பனி வட்டமாக உருகியிருந்தது. அவள் யாரையும் கேட்டிருக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூலைவீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, தூக்க ஒரு கை தாங்கோ. கஞ்சி ஆறமுன்னம் போகவேணும்."