கொதி என்று நினைத்தது குடல் சீழ்க்கட்டி: இறக்கக்கண்டிக்கு ஒரு பயணம்

இந்தப் பதிவில் கடற்கரைப் படங்கள் இல்லை. எடுத்த இரண்டையும் அழித்துவிட்டேன். போன ஓகஸ்ட் விடுமுறையில் நானும் என் கணவர் குமரனும் வவுனியாவிலிருந்து திருகோணமலைக்கு மூன்று நாள் பயணமாகப் போனோம். தங்கியது பத்து நாள், அதில் ஒன்பது ஆசுப்பத்திரியில். போகுமுன் நான் வாசித்த பயணப் பதிவுகள் எல்லாம் எந்தக் கடையில் நண்டு ருசி என்று விலாவாரியாகச் சொல்லின. வயிற்றுவலி வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். கோபத்தில் பாதி என்மேல்.

பயணத்துக்கு ஒரு கிழமை முன்பு குமரனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி வந்தது. மறுநாள் அது வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. ஒருமுறை சத்தி எடுத்தார், சாப்பாட்டில் மனமில்லை. வாயு என்று முடிவு கட்டினோம். நம் வீடுகளில் நெஞ்சுவலி முதல் மனக்கவலை வரை எல்லாமே வாயுதானே! குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆறு அன்ரிபயோட்டிக் குளிசைகள் இருந்தன. என் பல்வலிக்கு ஐந்து நாள் போடச் சொல்லித் தந்தவை. மூன்றாம் நாளே வலி நின்றதால் மிச்சத்தைப் பத்திரப்படுத்தியிருந்தேன். அவற்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் வலி குறைந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.15க்கு பஸ். ஹொரவப்பொத்தானை வழியாகக் கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர், இருவருக்கும் 860 ரூபா. ஒவ்வொரு குழியிலும் பஸ் ஏறி இறங்க, குமரன் வலது பக்கத்தைப் பொத்திப் பிடித்தார். நான் றோட்டைத் திட்டினேன். 9.30க்குத் திருகோணமலையில் இறங்கும்போது அவருக்கு உடம்பும் சுட்டது. ஒரு மருந்துக்கடையில் வயிற்றுவலிக்கும் காய்ச்சலுக்கும் குளிசை கேட்டேன். எத்தனை நாளாக, எந்த இடத்தில் என்று ஒரு கேள்வி இல்லை. மூன்று நிறத்தில் குளிசைகளைக் கடதாசி உறையில் போட்டு நீட்டினார்கள். வாசலில், அந்த ஊர்த் தெருக்களில் திரியும் புள்ளிமான்களில் ஒன்று பழத்தோல் தின்றுகொண்டு நின்றது. அதுகூட முகர்ந்து பார்த்துத்தான் வாய் வைத்தது.

நாங்கள் அறை பதிந்திருந்த இறக்கக்கண்டி அங்கிருந்து ஏறக்குறைய 17 கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 2,000 ரூபா. வழிக் கடையில் நண்டுக்கறிச் சோறு. குமரன் இரண்டு வாய்க்கு மேல் உண்ணவில்லை. பின்னேரம் நான்கு மணிக்குக் கட்டில் ஆடும் அளவுக்கு அவருக்கு நடுக்கம் பிடித்தது, உடம்பு நெருப்பாகச் சுட்டது. விருந்தினர் விடுதிக்காரி தவமணி அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நண்டு சாப்பிடும்போது ஆராவது பார்த்தவையோ என்பது. பிறர் ஆசையோடு பார்க்கச் சாப்பிட்டால் வயிறு பிடிக்குமாம், அதுதான் கொதி. தேத்தண்ணியில் ஓதிக் கொடுத்தால் போய்விடுமாம். பட்டப்படிப்பு படித்த நான் பக்கத்து மேசைக்காரரை ஞாபகப்படுத்திக்கொண்டு "ஓம்" என்றேன்.

கொதிக்கு ஓதுகிறவர் சிவராசா, இரண்டு வீடு தள்ளிப் படகு எஞ்சின் திருத்துபவர். எங்கள் வயதுதான் இருக்கும். கையில் இருந்த எண்ணெயைக் கழுவிவிட்டு வந்தார். எத்தனை நாளாக வலி என்று கேட்டார். வலக்காலை நீட்டச் சொன்னார். குமரனால் நீட்ட முடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டார்.

"தங்கச்சி, இது கொதி இல்லை. கொதிக்கு இப்பிடிக் குளிராது. பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"ஒருக்கா ஓதித்தான் பாருங்கோவன்" என்று நான் வாதாடினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"ஏலாது. நான் ஓதினா நீங்கள் விடியுமட்டும் பாத்துக்கொண்டிருப்பீங்கள்."

ஓட்டோவையும் அவரே கூப்பிட்டார்.

ஆசுப்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலது பக்கத்தில் கையில் தட்டுப்படும் வீக்கம். என்ன குளிசை போட்டீர்கள் என்று கேட்டார். குமரன் என்னைப் பார்க்காமலே, "ஒண்டும் போடேல்லை" என்றார். அந்த நடுக்கத்திலும் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். எனக்கு அழுகை வந்தது.

"நான்தான் குடுத்தனான், டொக்டர். என்ர பல்லுக்குத் தந்தது."

"அந்தக் குளிசையால வலிதான் குறைஞ்சிருக்கு, வருத்தம் குறையேல்லை. உள்ளுக்குச் சீழ் கட்டிப்போட்டுது" என்றார் அவர்.

ஸ்கானும் அதையே காட்டியது. குடல்வால் அழன்று வெடித்து, பக்கத்தில் சீழ் தேங்கியிருந்தது. ஸ்கானில் பார்த்தபடியே வயிற்றுக்குள் மெல்லிய குழாய் விட்டுச் சீழை வடித்தார்கள். நாளம் வழியாக மருந்து ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவி, கிருமி இரத்தத்திலும் ஏறியிருக்கலாம் என்றார்கள். நான் நகருக்குள்ளேயே ஓர்ஸ் ஹில் என்ற மேட்டில் அறை எடுத்துத் தங்கினேன். யன்னலில் உள்துறைமுகம் முழுவதும் தெரியும். கப்பல்களைப் பார்க்க மனம் வரவில்லை.

இனிப் பயணம் போகிறவர்களுக்கு. வயிற்றில் ஓரிடத்தில் நிற்கும் வலி, குளிர்காய்ச்சல், பசியின்மை, சத்தி, தொட்டால் நோகும் வீக்கம், இவை சேர்ந்து வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். வயிற்றோட்டம், மலச்சிக்கல் இரண்டுமே கூட வரலாம். வலி திடீரென்று குறைந்து காய்ச்சல் ஏறினால் அது சுகம் இல்லை, இன்னும் மோசம். குடல்வால் மட்டுமல்ல, பெருங்குடல் அழற்சியும் வயிற்றுச் சத்திரசிகிச்சையும்கூடச் சீழில் கொண்டுபோய் விடலாம். நேரத்தோடு வைத்தியரிடம் காட்டுவதுதான் தடுப்பு. எண்ணெய் பூசி வயிற்றை உருவி விடாதீர்கள். அடுத்தவர் குளிசையைப் போடாதீர்கள், உங்களுடையதைப் பாதியில் விடாதீர்கள். போகும் ஊரில் ஆசுப்பத்திரி எங்கே என்று நண்டுக்கடைக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

பைகளை எடுக்க இறக்கக்கண்டிக்குப் போனபோது சிவராசாவுக்குப் பழங்கள் கொண்டுபோனேன். வாங்க மறுத்தார். ஆசுப்பத்திரியில் தந்த குளிசையைக் குமரன் ஒழுங்காகப் போடுகிறாரோ என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து ஐந்தாம் நாள். இரண்டு குளிசைதான் மிச்சம். குமரன் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து அவற்றை உள்ளே வைக்கப் போனார்.

"இப்ப வலி இல்லைத்தானே. கைகாவலுக்கு இருக்கட்டும்."

 தண்ணீரை ஊற்றி நீட்டினேன். அவர் விழுங்கி முடிக்கும்வரை அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.