பக்கத்து சீட்டுக்காரி

அவளுக்குத் தெருவில் வைத்த பெயர் மைக்கக்கா. பெரிய துணிக்கடை ஒன்றின் தரைத்தளத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்வது அவள் வேலை. இரண்டாம் மாடியில் தள்ளுபடி, பில் போடும் இடத்தில் யாரோ குடையை விட்டுவிட்டார்கள், நீலச் சட்டை போட்ட குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது பெற்றோர் உடனே வரவும் என்று நாள் முழுக்கப் பேசிவிட்டு வருவாள். வந்த பிறகாவது வாய் ஓயுமா என்றால், அதுதான் இல்லை. கணவன் ஓட்டும் காரில் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி தொடங்கிவிடுவாள். "இடது பக்கம் சைக்கிள். வலது பக்கத்துலேருந்து ஒரு அம்மா குறுக்க வர்றாங்க. மெதுவா, மெதுவா. இப்போ போகலாம்." ஒரு தடவை பின்சீட்டில் வந்த எதிர்வீட்டுத் தையல்காரர் இறங்கும்போது காதைக் குடைந்துகொண்டே, "அண்ணே, உங்க வண்டிக்கு ஹாரன் எதுக்கு? கழட்டி எனக்குக் குடுத்துருங்க" என்றார். தெருவே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சிரிக்காமல் என்ன செய்வது? அந்தப் பேச்சு ஒரு நிமிடம் நின்றால் என்ன நடக்கும் என்பது அவளுக்கும் அவள் கணவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில், ஆள் ஒருவர் உட்காரும் அளவுக்குக் கடை. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்தாரென்றால் மற்றவர் கண்ணுக்கே தெரியாத திருகாணியை இடுக்கியால் எடுத்து அதன் இடத்தில் வைத்துவிடுவார். எறும்பு நடந்துபோனால் அது நொண்டுகிறதா என்று சொல்லிவிடுவார் என்று வாடிக்கையாளர்கள் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் கதவு விளிம்பில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். கைக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர்த் தம்ளரைத் தட்டிவிட்டு, "இதை யார் இங்க வச்சது?" என்று கத்தினார். கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "கண்ல அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போயிருக்கு. நேரா இருக்கறது நல்லாத் தெரியும், அதனாலதான் உங்களுக்கே இவ்வளவு நாளாத் தெரியல. ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரின்னு வச்சுக்குங்க. போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம். வண்டி மட்டும் இனிமே ஓட்டக் கூடாது" என்றார். கடிகாரக்காரர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வெளியே வந்து, நேராகக் காருக்குப் போய், ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். "பின்ன வண்டிய இங்கயே விட்டுட்டுப் போறதா?" என்று அவளையே கேட்டார். அன்றைக்கு வீடு வரும் வரை அவள் பயத்தில் இடமும் வலமும் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்படித் தொடங்கியதுதான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார் அவர். "கண்ணு போன கடிகாரக்காரன்கிட்ட எவன் வாட்சக் குடுப்பான்?" அதில் நியாயம் இருந்தது. அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அவளும் ஏற்றுக்கொண்டாள். வீட்டில் தம்ளரை அவருக்கு நேர் எதிரே வைத்தாள். நாற்காலிகளை நடைவழியிலிருந்து நகர்த்தினாள். காரில் பேசினாள்.

ஒருநாள் காய்கறிச் சந்தை வழியாக வரும்போது கடையிலிருந்து அவளுக்கு போன் வந்தது. எடுத்து இரண்டு வார்த்தைதான் பேசியிருப்பாள். வெளியே ஏதோ உரசும் சத்தம், பிறகு ஒரு மனிதரின் கத்தல். சைக்கிளோடு விழுந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காயம் பெரிதில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. "எங்கேருந்துதான் வர்றானுங்களோ!" என்றார் கடிகாரக்காரர். கூடியிருந்தவர்களும், ஆமாம் இந்த ஊரில் சைக்கிள்காரர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்றே தெரியவில்லை என்று அவருக்கு ஒத்துப் பேசினார்கள். பெரிய நகரத்தில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. அவள் மட்டும் விழுந்தவரையே பார்த்தாள். அந்த மனிதர் பளிச்சென்ற மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்துகொண்டிருந்தவர்.

காரை விற்றுவிடலாம் என்று அன்றைக்கே பிடிவாதமாகச் சொன்னாள். உண்மையைச் சொல்லாமல் விற்பதற்குக் காரணமா இல்லை? தெருமுனையில் ரயில். நிறுத்த இடம் கிடையாது. மாடிக்காரரோடு தினம் தகராறு. மழை பெய்தால் நடந்து போகிறவன் முதலில் வீடு சேருவான். அக்கம்பக்கத்தில் எல்லோரும், "இந்த ஊர்ல எதுக்குக் கார், யானையக் கட்டித் தீனி போடற மாதிரி" என்று அவள் பக்கம் பேசினார்கள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிவந்தார். தரகர் வந்து காரைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு கீறல் ஏன் என்று கேட்டார். அவள் தெருவின் மேல் பழி போட்டாள்.

அந்த வாரமே அவள் தம்பி போனில் பேசினான். அவனும் அவன் மனைவியும் ஒரே மருத்துவமனையில் நர்ஸ்கள். இருவருக்கும் வெளிநாட்டில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. மகளைக் கூட்டிப்போக முடியாது. "பாப்பா உன்கிட்ட இருக்கட்டும்க்கா. ஸ்கூலை மாத்த வேணாம். ஸ்கூல் பக்கம் ரயிலும் இல்ல, ஸ்கூல் வேனும் உங்க ஏரியாவுக்கு வராது. மச்சான்கிட்ட கார் இருக்கறதாலதான் கேக்கறேன். இல்லன்னா அவ அம்மா ஊருக்குத்தான் அனுப்பணும்."

அவளுக்குப் பிள்ளை இல்லை. ஊரார் பிள்ளைகளை ஒலிபெருக்கியில் பெற்றவர்களிடம் சேர்த்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பி எத்தனையோ வருடமாகிறது. இரண்டாவது அறையில் கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்து, அந்தப் பெண் காலையில் தலைவாரிக்கொள்ள அவள் முன்னால் வந்து உட்காருவதைப் போனில் பேசும்போதே அவள் பார்த்துவிட்டாள். "கார் இருக்குடா. எங்க போகப் போகுது" என்றாள். தரகரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இங்கே அவளைத் திட்டத் தோன்றுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். ஆசை அவ்வளவு பெரியது.

தனக்கு அவள் சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான்: நான்தான் பக்கத்து சீட்டில் இருக்கப்போகிறேனே. பள்ளிக்கூடம் வரை கூடப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கடைக்கு ஓடினால் சரியாக இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்வேன். அந்தச் சமாதானம் கொஞ்ச நாள்கூட நிற்கவில்லை. கடை மேலாளர் அவளைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து கடை திறக்கும் முன்பே கூண்டில் இருக்க வேண்டும், காலை நேரத்து விளம்பரம் எல்லாம் இனி உங்கள் பொறுப்பு என்றார். முடியாது என்றால் வேறு குரல் பார்த்துக்கொள்வார்களாம்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவர் சட்னிக் கிண்ணத்தைத் தன் பார்வைக்கு நேராக இழுத்து வைத்துக்கொண்டு, "பாத்துக்கலாம்" என்றார்.

"எப்படிப் பாத்துக்கறது? காலையில யாரு உங்களுக்குச் சொல்றது?"

"எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு. நீ சாப்பிடு."

சின்ன விஷயத்துக்கே குதிக்கிற மனிதர் இவ்வளவு அமைதியாக இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. தூக்கத்தில் இடம், வலம் என்று முனகினாளாம். அவர்தான் சொல்லிச் சிரித்தார்.

தம்பி புறப்படும் முன், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியை ஒருமுறை சேர்ந்து போய்ப் பார்த்துவிடலாம் என்று வந்து நின்றான். மகளையும் சீருடையோடு கூட்டி வந்திருந்தான். காலை நேரம், தெருவில் நெரிசல். அவள் வழக்கம்போல முன்கதவில் கை வைத்தாள்.

"அக்கா, நீ பின்னாடி உக்காரு. வழிய நான் பாக்கணும்."

"எனக்குப் பின்சீட்டு ஒத்துக்காதுடா. தலை சுத்தும்."

"உன் பேச்சுலதான் மச்சானுக்குத் தலை சுத்தும். இன்னைக்கு ஒரு நாள் வாய்க்கு லீவு விடுக்கா, அவரு பாட்டுக்கு ஓட்டட்டும்."

கடிகாரக்காரரும் சிரித்து, "உக்காரேன், ஒண்ணும் ஆகாது" என்றார். அவள் பின்னால் ஏறினாள். உயரமான இரண்டு சீட்டுகளுக்குப் பின்னால் அவளுக்குச் சாலை துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. பாப்பா இரண்டு சீட்டுக்கும் நடுவில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். கார் தெருவை விட்டுப் பெரிய சாலையில் ஏறியது. ஒரு பைக் உறுமிக்கொண்டு பக்கத்தில் வருவது அவள் காதில் விழுந்தது. வாயைத் திறந்தாள்.

"மாமா, இடது பக்கம் பைக்" என்றது பாப்பாவின் குரல்.

கார் நிதானித்தது. பைக் போனது. "சைக்கிள் வருது மாமா, வலது பக்கம். ஒரு தாத்தா. இப்போ போலாம்." ஒவ்வொன்றும் சரியான நேரத்தில், சரியான சுருக்கத்தில் வந்தது. தம்பி தொடையில் தட்டிச் சிரித்தான். "அப்படியே அத்தைய உரிச்சு வச்சிருக்கா!" முதலில் அவளுக்கும் வயிற்றில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பிறகுதான் சந்தேகம் வந்தது.

பாப்பாவின் காதருகே குனிந்து, மெதுவாகக் கேட்டாள். "யாரு கண்ணு உனக்கு இதச் சொல்லிக் குடுத்தா?"

"மாமாதான்" என்று அதுவும் ரகசியமாகவே சொன்னது. "ஞாயித்துக்கிழமை நாங்க வந்தா நீங்க கடைக்குப் போயிடுவீங்கல்ல அத்தை. அப்ப மாமா என்னை ரவுண்டு கூட்டிட்டுப் போவாரு. நீங்க இல்லாதப்போ நான்தான் மைக். யார்கிட்டயும் சொன்னா விளையாட்டு அவுட்டாம்."

அவள் நிமிர்ந்து கணவனின் பின்தலையைப் பார்த்தாள். நரைத்த, ஒழுங்காக வெட்டிய முடி. இத்தனை வருடம் தலையணையில் பக்கத்தில் கிடந்த தலை. அந்தத் தலைக்குள் இப்படி ஒரு ஏற்பாடு எப்படித் தோன்றியது என்று அவளுக்கு விளங்கவில்லை. கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக வெட்கம் வந்தது. தன் உயிரைப் பக்கத்து சீட்டில் வைத்துப் பொய்யை ஓட்டியது அவள்தானே? அவர் சீட்டில் ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார். இப்போது வாயைத் திறந்தால் பாப்பா அவளுக்குக் கிடையாது. கட்டில், திரை, தலைவாருவது, ஒன்றும் கிடையாது. திறக்காவிட்டால் தினமும் காலையில் பாப்பா இப்படி நின்று வழி சொல்வாள்.

பக்கத்தில் சென்ற வண்டியின் ஜன்னலில் ஒரு நாய்க்குட்டி தலையை நீட்டியது. பாப்பா அந்தப் பக்கம் திரும்பி, கையை ஆட்டி, "அய், குட்டி!" என்றாள். சின்னப் பிள்ளைதானே, பார்க்கத்தான் செய்யும். காருக்குள் யாரும் எதுவும் சொல்லவில்லை. கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் நெருங்கி, நடைபாதையில் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக வரத் தொடங்கியிருந்தார்கள்.

"நிறுத்துங்க!"

கடைக் கூண்டில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. அவர் பிரேக்கை மிதித்தார். காருக்கு முன்னால் யாரும் இல்லை.

"என்னக்கா? என்ன ஆச்சு?" தம்பி பதறித் திரும்பினான். அவள் பதில் சொல்லாமல், "ஓரமா விடுங்க. இடது பக்கம் காலியா இருக்கு, வாங்க, வாங்க, போதும்" என்று கடைசியாக ஒருமுறை வழி சொல்லி நிறுத்த வைத்தாள். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், அவர் ஜன்னல் வழியாகக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில், பிள்ளையை நிற்க வைத்தாள்.

"நேரா ரோட்டப் பாருங்க" என்றாள். "தலையத் திருப்பக் கூடாது. பாப்பா எங்க நிக்கிறா, சொல்லுங்க."

"இதென்னக்கா சின்னப்பிள்ள விளையாட்டு? இதோ..." என்று தொடங்கிய தம்பி, மச்சானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

கடிகாரக்காரர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். கொஞ்சம் திரும்பியிருந்தால் போதும், பிள்ளை தெரிந்திருக்கும். அவர் திரும்பவில்லை. மனைவியை ஏமாற்ற அந்த நேரத்தில் அவருக்கு மனம் வரவில்லையோ என்னவோ. "உன்கூட... பின்னாடி நிக்கிறா" என்றார்.

பாப்பா அத்தையை ஒருமுறை பார்த்தாள், அப்பாவை ஒருமுறை பார்த்தாள். மாமா தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. வாயருகே கையைக் குவித்து, யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில், தனக்குக் கற்றுக்கொடுத்தபடியே சொன்னாள்.

"மாமா, வலது பக்கம். சின்னப் பொண்ணு ஒண்ணு நிக்குது."

தம்பி கையை நீட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான்.