மடியில் இருந்த மாத்திரைப் பொட்டலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எங்களுக்குப் பேரையூர் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகிச் சில வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கு மனசு கலங்கிப் போனது. கிணற்றில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கோடாங்கி பார்த்து, கயிறு மந்திரித்து, கிடாயும் வெட்டியாயிற்று. கிடாய் போனதுதான் மிச்சம்.

மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்கென்றே டாக்டர் இருக்கிறார், மருந்துக்குக் காசு கிடையாது என்று ஊருக்கு வரும் நர்ஸம்மாதான் காதோடு காதாகச் சொன்னார். ஊரில் கேட்டவர்களிடம், "பல்லு புடுங்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம். அப்புறம் மாதாமாதம் பல் பிடுங்கினோம். மனுஷன் வாயில் எத்தனை பல்தான் இருக்கிறது என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை போனபோது, வரிசையில் எங்களுக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண்பிள்ளையும் அதன் அம்மாவும் நின்றார்கள். அந்த அம்மா திரும்பினால், எங்கள் பக்கத்துத் தெரு அக்கா! மகள் கோயம்புத்தூரில் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். பாவம், அந்தப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "யார்ட்டயும் சொல்லிராத தாயி" என்றார். நானும் அவரிடம் அதையேதான் கெஞ்சினேன்.

இரண்டு பேரும் மாதாமாதம் கூலியை விட்டுவிட்டு வர முடியாது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மாதம் நான், ஒரு மாதம் அக்கா என்று முறை வைத்துக்கொண்டோம். போகிறவர் இரண்டு பேருக்கும் மாத்திரை வாங்கி வருவோம். கம்மாய்க்கரையில் விறகு பொறுக்குகிற சாக்கில் பொட்டலம் கைமாறும். அந்த ஒரு வருஷம் நான் வாய்விட்டு அழுதது அங்கேதான். வீட்டில் அழ முடியுமா? என் வீட்டுக்காரர் தெளிந்து உழவுக்குப் போனார். அந்தப் பிள்ளையும் தெளிந்து, என்னைப் பார்த்தால், "சித்தி" என்று சிரிக்க ஆரம்பித்தாள்.

தெளிந்ததே வினையாகிப் போனது. அவளுடைய தாய்மாமன் விளாங்குடியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். "மாத்திரை திங்கிறவன்னு தெரிஞ்சா தாலி நிக்குமா?" என்று அவர் அதட்ட, அக்கா மருந்தை நிறுத்திவிட்டார். நிறுத்தினால் திரும்ப வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். யார் கேட்டார்கள்?

கல்யாணமான கொஞ்ச நாளில் அக்கா கரைக்கு ஓடிவந்தார். "புள்ள கண்ண மூடவே மாட்டேங்குதாம்த்தா. நான் போனா அந்த மாமியா தனியா விட மாட்டேங்கிறா. நீ மருந்து வாங்கப் போறப்ப எப்படியாச்சும் அவ கையில சேத்துரு" என்று அழுதார்.

போனேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கும் மாத்திரை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, ஆரப்பாளையத்தில் டவுன் பஸ் பிடித்து விளாங்குடிக்குப் போனேன். கையில் அக்கா கொடுத்த மொச்சைப் பயறு. மாமியார், "வாங்க மதினி" என்று மரியாதையாகத்தான் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

பிள்ளைக்குக் கண் குழிவிழுந்து கிடந்தது. சேலை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். "வா புள்ள, கொல்லப்பக்கம் வச்சுத் தலை சீவி விடுறேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "இங்கனயே சீவுங்க மதினி, வெளிச்சமாத்தான இருக்கு" என்றார் மாமியார். சீவினேன்.

கிளம்பும்போது வாசலுக்கு வந்தாள். "சித்தி, எங்கம்மா எனக்கு ஒண்ணும் குடுத்து விடலையா?"

அவள் தோளுக்குப் பின்னால் மாமியார். என் மடியில் பொட்டலம் உறுத்துகிறது. எடுத்துக் கொடுத்தால் அவள் வாழ்க்கை போய்விடுமே என்று பயம். "மொச்சைதான் தாயி குடுத்து விட்டாக" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அடுத்த மாதம் நான் போவதற்குள், பேய் பிடித்தவள் என்று மாமியார் வீட்டார் அவளை அக்காவிடமே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். தாய்மாமன் அவளைப் பேயோட்டுகிற ஒரு கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கேயும் மாத்திரையோடு ஓடினேன். வேப்பமரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். "விரதம் கெட்டுரும்" என்று தாய்மாமன் பொட்டலத்தைப் பிடுங்கி வீசிவிட்டார். அவளுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா கம்மாய்க்கரைப் பக்கமே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே மருந்து ஜன்னலில் வாங்கிய அதே மாத்திரைதான். அதைச் சாப்பிட்டு என் வீட்டுக்காரர் இன்றைக்குப் பேரன் பேத்தி பார்த்துவிட்டார். அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் பஸ்ஸில் எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் நான் பல்லைச் சொல்வதில்லை. "வீட்டுக்காரருக்கு மனக்கோளாறு. மருந்து வாங்கப் போறேன்" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு இன்றுவரை ஒருத்தரும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. கேட்டவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு அந்த வாசலில் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருந்தால், அந்தப் பிள்ளை வாழாவெட்டியாகவாவது உயிரோடு இருந்திருப்பாள்.