ஒன்பது டெசிபல் தேடித் தானா மேராவுக்கு

வானொலி அலையை நிலாவில் மோதவிட்டு, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்க ஆசைப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். சிங்கப்பூரில் அதற்கு எங்கே போகலாம், ஏரியல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதுகிறார்கள். நான் அப்படி ஒரு பயணம் போனது 1967இல், ஆகஸ்டு மாதப் பள்ளி விடுமுறையில். லைசென்ஸ் என் கணவர் சேவியருடையது, கணக்கு என்னுடையது. இப்போது அவர் இல்லாததால் இரண்டு பங்கையும் நானே எழுதுகிறேன்.

அவர் கப்பல்களின் வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். நான் பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியை. ரேஸ் கோர்ஸ் சாலையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். மேலே மொட்டைமாடியில் மீன் முள்ளைப் போன்ற நான்கு நீண்ட ஏரியல்களை ஒரே சட்டத்தில் பூட்டி, கிழக்குப் பார்த்து நிறுத்தியிருந்தார்.

ஜூலையில் ஒரு பிற்பகல், கூரைகளுக்கு மேலே நிலா வெளிறித் தெரிந்த நேரத்தில், என்னை மேலே கூப்பிட்டார். மோர்ஸ் கீயில் மூன்று நீண்ட ஒலிகள் அனுப்பிவிட்டுக் கையை எடுத்தார். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். இரண்டரை வினாடி கழித்து மூன்று நீண்ட ஒலிகள் திரும்பி வந்தன. அவ்வளவு தெளிவு. பக்கத்து அறையில் இருப்பவர் சுவரில் தட்டிப் பதில் சொன்னதைப் போல இருந்தது. என் கைமயிர் எழுந்து நின்றது. அவரோ சின்னப் பையனைப் போலச் சிரித்தார். நிலாவுக்குப் போய்த் திரும்ப அலைக்கு ஆகும் நேரம் சரியாக இரண்டரை வினாடிதான்.

இதை நம்பாதவர் ஒருவர் இருந்தார். என் கணவரின் ரேடியோ நண்பர் குமரேசன்.

"உன் நாலு கம்பிக்கு நிலா பதில் சொல்லுதுன்னா, என் வீட்டுக் குடைக்குச் செவ்வாயே பதில் சொல்லும் லா," என்றார்.

கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. மூன்று வாரம் கழித்து, நம் வட்டாரத்திலேயே வேறொரு நாட்டுக்காரர் நிலா எதிரொலியைக் கேட்டதாகச் செய்தி வந்தது. என் கணவரின் ஜூலைத் தேதி நின்றால் இந்தப் பகுதியில் முதல் ஆள் அவர். நிற்காவிட்டால் அந்தப் பெயர் மற்றவருக்கு. வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அறிக்கை எழுதி முடித்திருந்தார். அனுப்புவதற்கு முன் கணக்கை மட்டும் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்.

பார்த்தேன். ஒரு ஏரியலின் கெயின், அதாவது ஒரே திசையில் அலையைக் குவிக்கும் பலம், பன்னிரண்டு டெசிபல் என்று கையேடு சொன்னது. எதைவிடப் பன்னிரண்டு? டைபோல் என்ற சாதாரண ஏரியலைவிட. நிலாக் கணக்கிலோ எல்லாத் திசைக்கும் சமமாக வீசும் ஒரு கற்பனை ஏரியலோடு ஒப்பிட வேண்டும். டைபோல் அதைவிட 2.15 டெசிபல் அதிகம் என்பதால் 2.15ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவர் கூட்டியிருந்தார். நான்கு ஏரியல் இருக்கிறதே என்று நான்கு முறை கூட்டியிருந்தார்.

கான்வென்டில் எங்கள் கணக்கு சிஸ்டர் அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் போட மாட்டார். எதோடு ஒப்பிடுகிறோம் என்று எழுதாத டெசிபலும் அப்படித்தான். பன்னிரண்டு, நான்கைச் சேர்த்ததற்கு ஆறு, அளவுகோலை மாற்றியதற்கு ஒரே ஒரு 2.15. மொத்தம் 20.15, ஏறத்தாழ நூறு மடங்கு. அதாவது 150 வாட் அனுப்பினால், நிலா இருக்கும் திசைக்கு 15,000 வாட் வீசியதற்குச் சமம். அவர் கணக்கில் அது 68,000 வாட்டாகி இருந்தது. கேட்பதும் அதே ஏரியல்தான் என்பதால் பிழை போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை விழுந்தது. போய் வரும் வழியில் தொலைவது 252 டெசிபல். எல்லாவற்றையும் கழித்தால், இரைச்சலைவிட நாலு டெசிபல் மேலே என்று அவர் நினைத்த எதிரொலி ஒன்பது டெசிபல் கீழே கிடந்தது. தேவையானதில் எட்டில் ஒரு பங்கு. காதில் விழவே விழாது.

"அப்ப நீ என்னை நம்பலையா?" என்றார்.

"உங்கள நம்பறேன். உங்க கூட்டலத்தான் நம்பல."

"நீயும்தானே கேட்ட?"

கேட்டேன்தான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒன்பது டெசிபலை எங்கே தேடுவது? கடலில். நிலா கடலிலிருந்து எழும்போது, நேராகப் போகும் அலையோடு நீரில் பட்டுத் தெறிக்கும் அலையும் சேர்ந்துகொள்ளும். போகும்போது ஆறு டெசிபல் வரை, வரும்போது ஆறு. பன்னிரண்டு கூடினால் மூன்று மிஞ்சும். கேபிளில் ஒன்று போனாலும் இரண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே நிலா ஏறக்குறைய நேராக மேலே ஏறும், ஏரியலைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டாம். கடலோரம் கேட்டால், ஏரியலில் குறை இல்லை, ஜூலையில் வீட்டிலும் ஏதோ ஒரு வழியில் கூடுதல் கிடைத்திருக்கலாம் என்று வாதாட அவருக்கு இடம் இருக்கும். தானா மேராவில், பதினோராம் கட்டைக்கு (மைல்கல்லுக்கு) அருகே, அவர் கம்பெனிக்குக் கடலைப் பார்த்த பங்களா ஒன்று இருந்தது. மின்சாரமும் உண்டு. முழுநிலவுக்கு மூன்று நாள் முந்திய தேதியைக் குறித்தேன். அன்று நிலா மாலை நாலேகாலுக்கே எழும். இருட்டில் அலைய வேண்டியதில்லை.

காலை பத்தரைக்கு எங்கள் பேட்டையான தேக்காவிலிருந்து லாரியில் கிளம்பினோம். வாடகை பதினெட்டு வெள்ளி. பின்னால் அலுமினியக் குழாய்களோடு என் கணவரும் குமரேசனும். முன்னால் ஓட்டுநர் வீராசாமிக்குப் பக்கத்தில் நான்.

"டீச்சர், நிலாவுக்கா பேசப் போறீங்க?" என்றார் வீராசாமி. "எங்க வீட்டுக்குப் போன் கேட்டு ரெண்டு வருஷமாச்சு, இன்னும் வரல. அங்க மட்டும் லைன் கெடைச்சிருச்சா?"

"கிடைக்குமான்னு பார்க்கத்தான் போறோம். ரோட்டைப் பாருங்க."

கேலாங் சாலையில் எதிரே வந்த பஸ் ஒன்று ஹாரனை அழுத்தியபடியே எங்களைக் கடந்தது. நெருங்கும்போது ஏறியிருந்த சுருதி கடந்ததும் சட்டென இறங்கியது. எனக்குள் ஏதோ இடித்தது. நிலா எழும் நேரத்தில் பூமியின் சுழற்சி நம்மை மணிக்கு ஆயிரம் மைல் வேகத்தில் நிலாவை நோக்கிக் கொண்டுபோகிறது. அப்படியானால் எதிரொலியும் சுருதி ஏறித்தான் வர வேண்டும். சாப்பாட்டுக்கு நிறுத்திய கடையில் கணக்கிட்டேன். எங்கள் அலைவரிசையில் வினாடிக்கு நானூறு சைக்கிளுக்கும் (இன்றைய ஹெர்ட்ஸ்) கொஞ்சம் மேல். (நான்கு பேருக்குச் சோறும் மீன் குழம்பும் இரண்டு வெள்ளி எழுபது காசு. மீன் பழசு.)

"ஒரே ஒரு சுருதியை மட்டும் உள்ள விடுற உங்க ஃபில்டர் அனுப்புற சுருதியிலயே நிக்குதே, அதை நானூறு மேலே ஏத்தணும்," என்றேன்.

என் கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "ஜூலையில ஏத்தலையே."

"ஆமா."

"அப்ப நிலா அந்த ஃபில்டர்ல நுழைஞ்சிருக்கவே முடியாது."

குமரேசன் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார்.

பங்களாவை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. தேக்காவிலிருந்து பதினொரு மைல். காவலாளி பாக் ஹசான் ஏரியல்களைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டார். நிலா எழும் திசையில்தான் இந்தோனேசியத் தீவுகள். இந்தோனேசியாவோடு நடந்த கொன்ஃப்ரன்டாசி மோதல் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் ஏரியல் திருப்பினால் யாருக்கும் பயம் வரும்.

"சக்காப் டெங்ஙான் சியாப்பா?" என்றார். யாரோடு பேசப்போகிறீர்கள்?

"புலான்," என்று என் கணவர் மேலே கையைக் காட்டினார். நிலா.

பாக் ஹசான் சிரிக்கவில்லை. பதில் சொல்வது யார் என்று மலாயில் கேட்டார். யாரும் இல்லை, நாங்கள் அனுப்பியதுதான் திரும்பி வரும் என்றார் என் கணவர். லைசென்ஸைக் காட்டிய பிறகு கேட்டைத் திறந்தார். ஆனால் மாலை முழுவதும் படியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரியலை நிறுத்த மூன்று மணி நேரம் ஆயிற்று. கடல் ஏற்றத்தில் இருந்தது. பங்களாவின் சுவரைத் தொட்டும் தொடாமலும் நீர். நாலேகாலுக்கு, நல்ல வெயிலில், தூரத்துத் தீவின் மேல் நிலா எழுந்தது. நனைந்த காகிதம் போல இருந்தது.

நாலே முக்காலுக்கு என் கணவர் மூன்று நீண்ட ஒலிகள் அனுப்பினார். காத்திருந்தோம். இரைச்சல்தான். மறுபடி. மறுபடி. எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ, இரைச்சலுக்குள் ஏதோ அசைந்தது. மெலிந்து, நடுங்கி, ஒன்று தெரிந்து ஒன்று அழிந்து, நாங்கள் அனுப்பியதைவிட நன்றாகச் சுருதி ஏறி வந்தது. நாலு லட்சத்து எண்பதாயிரம் மைல் பயணம் செய்து வந்த ஒலி அப்படித்தான் களைத்திருக்கும்.

"நிலாதான்," என்றார் குமரேசன். "மன்னிச்சுக்க சேவியர். இது நிலாதான் லா."

என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கணக்கைப் பார்த்தேன். இரண்டு டெசிபல் மிச்சம் என்று எழுதியிருந்தேன். ஏறக்குறைய அதேதான். ஐந்தேகாலுக்கு நிலா நீரின் உதவி கிடைக்காத உயரத்துக்குப் போனதும் எதிரொலி அடங்கியது. அதுவும் கணக்கில் இருந்தது.

கருவியை நிறுத்தப்போகும் முன், பழக்கத்தில், ஃபில்டரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார். கீயையும் ஒரு முறை தட்டினார். மூன்று நீண்ட ஒலிகள். ஏன் என்று அவருக்கே தெரியாது என்று பின்னால் சொன்னார்.

இரண்டரை வினாடி கழித்து மூன்று நீண்ட ஒலிகள் வந்தன. தெளிவாக. அதே சுருதியில். ஜூலையில் கேட்டது.

என் கணவர் கீயிலிருந்து கையை எடுத்தார். கடைசியில் குமரேசன், "எவனோ வெளையாடறான்," என்றார்.

"அப்படின்னா ஒரு பக்கமா இருந்துதான் விளையாடணும்," என்றேன். "ஏரியலைத் திருப்புங்க. கரைப் பக்கம்."

வீராசாமியும் குமரேசனும் சட்டத்தைச் சுற்றித் திருப்பினார்கள். முதுகுப் பக்கம் அந்த ஏரியலின் பலம் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. எங்கிருந்து வந்தாலும், ஏதாவது ஒரு திசையில் ஒலி விழுந்தாக வேண்டும். என் கணவர் அனுப்பினார். வந்தது. வடக்கே திருப்பினார்கள். வந்தது. மேற்கே. வந்தது. நூலளவுகூடக் கூடவில்லை, குறையவில்லை. நான்கு ஏரியல், இருபது டெசிபல், பதினையாயிரம் வாட் என்று நான் பாடுபட்டுத் திருத்திய கெயின் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. தூரத்தில் இருப்பவரிடம் பேசத்தான் கெயின் வேண்டும். பக்கத்திலேயே இருப்பவருக்கு வேண்டாம்.

"என்னங்க, போதும். நிறுத்துங்க," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

நிறுத்தினார். படியில் இருந்த பாக் ஹசான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குழாய்களைக் கட்டும்போது, நான் நினைத்தே பார்க்காத ஒன்றைக் குமரேசன் சொன்னார். "ஜூலைத் தேதியவே போடு, சேவியர். நாம மூணு பேரும் இப்பக் கேட்டோம்ல? நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன். நீதான் முதல் ஆளு."

என் கணவர் கயிற்றைப் பிடித்தபடி நிலாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கணக்கு என்னுடையது என்றாலும் பெயர் அவருடையது.

"கேட்டோம் குமரேசா," என்றார். "ஆனா அது நிலா இல்லையே. நிலா எப்படி இருக்கும்னு இன்னிக்கித்தானே தெரிஞ்சுது."

ஜூலைத் தேதியை அடித்துவிட்டு அன்றைய தேதியை எழுதி அனுப்பினார். இந்த வட்டாரத்தில் அவர் இரண்டாவது ஆள். அவரை முதலாமவர் என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள். இரண்டாமவர் என்று சொல்லிக்கொள்வதில்தான் எனக்குப் பெருமை. ஏழு மணிக்கு வீடு திரும்பினோம். மறுநாளே என் கணவர் மொட்டைமாடி ஏரியலைக் குமரேசன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கீயை விற்கவும் இல்லை, தொடவும் இல்லை.

இனிப் போகிறவர்களுக்கு. தானா மேராவில் நாங்கள் நின்ற கரை இப்போது கரை இல்லை. கடலைத் தூர்த்துவிட்டார்கள், நீர் வெகுதூரம் தள்ளிப்போய்விட்டது. கிழக்கே கடல் தடையில்லாமல் தெரியும் வேறு இடம் பாருங்கள். கடலேற்ற நேரத்தில் போங்கள், அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். கெயின் எதோடு ஒப்பிட்டது என்று படித்துப் பாருங்கள். எத்தனை ஏரியல் வைத்தாலும் 2.15ஐ ஒரு முறை மட்டும் கூட்டுங்கள். 144 மெகாசைக்கிளில், நிலா எழும்போது நானூறு சைக்கிள் மேலே கேளுங்கள், விழும்போது கீழே. தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள்.

எதிரொலி மெலிந்து, நடுங்கி, சுருதி மாறி வந்தால் அது நிலா. வாழ்த்துகள். தெளிவாக, பலமாக, நீங்கள் அனுப்பிய சுருதியிலேயே வந்தால் மறுபடி அனுப்பாதீர்கள். ஏரியலைத் திருப்பிப் பார்க்கவும் வேண்டாம், நாங்கள் பார்த்துவிட்டோம். கருவியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.