உதட்டில் படாத கோப்பை

மும்பை மாட்டுங்காவில் ஷ்யாமளாவின் வீட்டில் யாரும் தம்ளரை எச்சில் பண்ணிக் குடிப்பதில்லை. எல்லாரும் அண்ணாந்துதான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு நாசிக் பக்கத்து ஒயின் தொழிற்சாலையில் அவள் லேப் வேலைக்குச் சேர்ந்தபோது, அம்மா அம்மிணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஒரே நிபந்தனையோடு இறங்கி வந்தாள்: கோப்பை உதட்டில் படக்கூடாது.

இந்த அறுவடைக்கு ருசி பார்க்கும் பொறுப்பும் ஷ்யாமளாவிடம் வந்தது. தேவ்ராம் என்ற விவசாயியின் திராட்சையைத் தனித் தொட்டியில் புளிக்கவிட்டு, அவர் பெயரிலேயே பாட்டில் போடுவதாக ஏற்பாடு. யார் யார் பெயரிலோ போகிற ஒயினுக்கே அதுவரை திராட்சை கொடுத்து வந்த மனுஷர். அடிக்கடி வந்து தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஷ்யாமளா தினமும் கோப்பையைத் தூக்கி ஒயினை வாயில் ஊற்றி, சுழற்றித் துப்பினாள். மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும் என்று மேலாளர் சொல்லத்தான் சொன்னார். மூக்கை விட்டால் உதடு விளிம்பில் இடிக்குமே! நாக்கு போதாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்தவளுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

ஒயினில் கோளாறு பிடிபட்டபோது காலம் கடந்திருந்தது. அழுகிய முட்டை வாடை. ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் காற்றாட விட்டுச் சரிசெய்திருக்கலாம். இப்போது தொட்டி முழுவதையும் கீழே கொட்ட வேண்டியதாயிற்று. லேபிளில் என்ன படம் போடலாம் என்று பேசத்தான் தேவ்ராம் அன்று வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதாள். அம்மிணி நைவேத்தியத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நானும் ருசி பாக்காமத்தானே இத்தனை வருஷமா சமைக்கறேன். என்ன கொறஞ்சு போச்சு?"

"நீ வெல்லம் தப்பாப் போட்டா நாங்க வாய மூடிண்டு சாப்ட்டுடறோம்மா. அந்த விவசாயி என்ன பண்ணுவார்?"

அம்மிணி அடுப்பை அணைத்தாள். "இனிமே வாயில வெச்சே பாரு. என்னால ஒருத்தரோட வெள்ளாமை வீணாக வேண்டாம்" என்றாள்.

கேட்க ஏங்கியது அதைத்தான். ஆனாலும் ஷ்யாமளாவுக்கு மனசு ஆறவில்லை. இனி அம்மாவைக் காரணம் சொல்லவும் வழியில்லை. முகராமல் விட்டது அவள்தான்.

தேவ்ராமுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வருஷமும் திராட்சை தருவீர்களா என்று தயங்கித் தயங்கி ஹிந்தியில் கேட்டாள்.

தருவேன் என்றார் அவர். என் பெயர் மட்டும் போட வேண்டாம் மேடம் என்றார்.