வேலிக்குள் புளிச்சோறு

1952 ஆகஸ்டு 2. பேருந்து, இருவருக்கு: 60 காசு.
1952 ஆகஸ்டு 19. அபராதம்: 30 வெள்ளி.
1953 செப்டம்பர் 6. பேருந்து, லிம்போங்கான் வரை: 20 காசு.
1957 மே 14. கடிதம் எழுதக் கூலி, தபால்தலையோடு: 1 வெள்ளி 40 காசு.
1957 ஆகஸ்டு 2. அரிசி, புளி, நல்லெண்ணெய்: 1 வெள்ளி 15 காசு.

மலாக்காவில், காஜா பெராங்கில் குடியிருந்த பூங்காவனத்தின் செலவுக் கணக்கு இது. விடியுமுன் மிளகாயும் மல்லியும் அம்மியில் அரைத்து, பாசார் சந்தையில் மசாலா உருண்டை விற்பாள். அரைத்து அரைத்து அவள் கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். கணவன் சுப்பையன் நகராட்சியில் சாக்கடை வெட்டுகிறவன். யாராவது காக்கிச் சட்டை போட்டு வந்தால், அது தபால்காரராக இருந்தாலும், எழுந்து நின்றுவிடுவான்.

1952ஆம் வருஷத்து ஆடிப் பதினெட்டு அன்று இருவரும் தூக்குச் சட்டியில் புளிச்சோறு எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறினார்கள். அவசரகாலம். காட்டில் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ஊர் எல்லையைத் தாண்டிச் சோறு கொண்டுபோகத் தடை இருந்தது. ஆடிப் பதினெட்டுக்குச் சோறு கட்டித் தண்ணீர்க்கரைக்குப் போவதை யார் தடுக்கப்போகிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். அம்மனுக்குப் படைக்கும் சோறும் சட்டத்துக்கு வெறும் சோறுதான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தாவது மைலில் இறங்கி, மணலில் துணி விரித்துச் சட்டியைத் திறந்த நேரத்தில் போலீஸ் வந்தது. சட்டியைக் கவிழ்த்தார்கள். அதோடு விட்டிருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். "அள்ளிக் கடல்ல போடு" என்றார் தமிழ் பேசிய போலீஸ்காரர். சாலையில் பேருந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பூங்காவனம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுப்பையன் குனிந்து அள்ளினான், கடைசிப் பருக்கை வரைக்கும்.

வீடு திரும்பும் வழியில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அதே எடத்துல உக்காந்து ஒரு வாய் சோறு தின்னாம விடமாட்டேன்."

மறு வருஷம் செப்டம்பரில் மலாக்காக் கரையோரம், அவசரகாலக் கட்டுப்பாடுகள் இல்லாத வெள்ளைப் பகுதி ஆனது. சோற்றுத் தடை நீங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவள் சட்டியோடு புறப்பட்டாள். சுப்பையன் வாசலோடு நின்றுகொண்டான்.

ஒரே பயணத்தில் போய்ச் சேர அவளுக்கு மனமில்லை. பயந்து பயந்து ஒரு இடத்துக்குப் போய்வந்தவளாக இருக்கக்கூடாது. அந்தச் சாலை முழுவதும் தன் கால் படவேண்டும் என்று தோன்றியது. ஞாயிறுதோறும் ஒரு கரை. லிம்போங்கானில் சேறு, செருப்பை விழுங்கிவிட்டது. கிளேபாங் கெச்சிலில் பாய் பாயாகக் கூனி இறால் காய்ந்தது, நாற்றத்தில் புளியின் ருசியே தெரியவில்லை. கிளேபாங் பெசாரில் மணல் நயமாக இருந்தது, எதிரே உப்பே தீவு தவழ்ந்து வருகிற மாதிரி கிடந்தது. தஞ்சோங் கிளிங்கில் மர நிழலில் மாட்டு வண்டிக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். குண்டோர் கரையில் அலை காலடி மணலை உருவிக்கொண்டு போனது, பயந்து சிரித்தாள். ஊருக்கு மறுபக்கம், உஜோங் பாசிரையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் சாப்பிட்டாள், கை கழுவினாள், "இது இல்ல" என்றாள்.

கடைசியில் ஐந்தாவது மைலில் இறங்கினாள். அங்கே வேலி இருந்தது. ஒரு ரப்பர் கம்பெனி தன் துரைமார் ஓய்வெடுக்க பங்களா கட்டி, கம்பி வேலியைக் கடலுக்குள்ளேயே இறக்கிவிட்டிருந்தது. அவள் சோற்றைக் கவிழ்த்த இடம் வேலிக்கு உள்ளே இருந்தது. காவலுக்கு, ஜாகா வேலையில், கலியாணசுந்தரம் என்ற இளைஞன் நின்றான்.

"அக்கா, இது கம்பெனி எடம். இம்மாம் பெரிய கரை கெடக்கு, வேற எடம் கெடைக்கலயா?"

"எல்லா எடத்துலயும் தின்னாச்சு தம்பி. இதுதான் பாக்கி."

அவன் விடவில்லை. அடுத்த மூன்று ஆடிப் பதினெட்டும் அவள் வேலியின் கடைசிக் கம்பத்துக்கு வெளியே, முழங்கால் தண்ணீரில் நின்றபடி சாப்பிட்டாள். பங்களா மேல்மாடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரி அவளைப் படம்கூட எடுத்தாள்.

1957 மே மாதம், கம்பெனிக்குக் கடிதம் எழுத, பண்டார் ஹிலிரில் மனு எழுதும் மருதமுத்துவிடம் போனாள்.

"'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'னு போட்டுரவா?"

"நான் எங்க கேட்டேன்? ஆகஸ்டு ரெண்டாந் தேதி வர்றேன்னு போடு."

"அப்படிப் போட்டா மனுவா இருக்காதும்மா."

"மனுன்னு யாரு சொன்னா? தகவல்."

இரண்டு மாதத்தில் இரண்டு பதில் வந்தன. முதலாவது, பரிசீலிக்கிறோம் என்றது. இரண்டாவது, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்றது. "ஆகஸ்டு கடைசில மெர்டேக்கா, சுதந்திரம் வருது, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றான் சுப்பையன்.

"அதுக்கு ஒரு மாசம் முன்னாடி எனக்கு வந்துட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

ஆகஸ்டு 2, வெள்ளிக்கிழமை. அவள் படி இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சுப்பையன் தண்ணீர்ப் போத்தலோடு நின்றான். அவள் சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

கடல் வற்றியிருந்தது. கடைசிக் கம்பத்தைச் சுற்றி ஈர மணலில் நடந்து உள்ளே போனார்கள். பங்களா வராந்தாவில் துரைகள் உட்கார்ந்திருந்தார்கள். பூங்காவனம் இடம் பார்த்து, துணி விரித்து, சட்டியைத் திறந்தாள். கலியாணசுந்தரம் ஓடிவந்தான்.

"அக்கா, எந்திரிங்க! போலீசக் கூப்பிடுவாங்க!"

"கூப்பிடட்டும். போன தடவ வந்தவரையே வரச்சொல்லு. அவருக்கும் சோறு இருக்கு."

"என் வேல போயிரும்க்கா."

"ஏன் போவுது? நீ தொரத்திக்கிட்டே இரு. நாங்க தின்னுக்கிட்டே இருக்கோம்."

அவன் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கையை ஓங்கி, "எந்திரி! வெளிய போ!" என்று கடற்கரையே அதிரக் கத்தினான். குரலைத் தாழ்த்தி, "வெரசா சாப்பிடுங்க லா" என்றான். மறுபடியும் கத்தினான். மறுபடியும் தாழ்த்தி, "ஊறுகா இருக்கா?" என்றான்.

சுப்பையன் வராந்தாவைப் பார்த்தபடியே எடுத்ததில் ஒரு பிடி சோறு மணலில் சிந்தியது. அன்றைக்குப் போலவே அள்ளக் குனிந்தான். பூங்காவனம் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கெடக்கட்டும். காக்கா தின்னும்."

சட்டி காலியாகும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கலியாணசுந்தரம் தொண்டை கட்டும்வரை துரத்திக்கொண்டிருந்தான். போலீஸ் வரவில்லை.

மேற்படி கரையில் அமர்ந்து உணவு உண்ண அனுமதி அளிக்க இயலாது என்று தலைமை அலுவலகம் எழுதிய கடைசிக் கடிதம் காஜா பெராங்குக்கு வந்து சேர்ந்தது 1957 ஆகஸ்டு 27, செவ்வாய்க்கிழமை.