பட்டியலில் இல்லாத வீடு

ஜூலை 11, வெள்ளி, மாலை ஆறரை மணி. குற்றாலச் சாரல் தென்காசி வரை அடித்தது. எங்கள் ஜெபக்குழு அன்று சாதியைப் பற்றி மனம்விட்டுப் பேசியது.

"எனக்குச் சாதி வித்தியாசமே கிடையாது. யார் யார் வீட்டுல ஜெபம்னு ஆறு வருஷமா நான்தான் பட்டியல் போடுதேன்" என்றேன்.

"அதுல எத்தன வீடு அண்ணாச்சி?" என்று கேட்டார் நர்ஸ் ரோஸ்மேரி.

"பதினொண்ணு."

"நாம எத்தன குடும்பம்?"

பன்னிரண்டு. எல்லாவற்றையும் எண்ணுகிற நான், குழுவின் ஒரே தலித் வீட்டை, ரோஸ்மேரியின் வீட்டை, விட்டிருந்தேன்.

"உங்க வீடு தூரம்லா..."

"வாராவாரம் நான் அங்கனயிருந்துதான வாறேன்!"

"தப்புதாம்மா. அடுத்த வெள்ளி அங்கன வைக்கலாமா?"

"வாங்க. சாப்பிட்டுத்தான் போகணும்."

போனேன், கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். என்னை நானே நல்லவன் என்று நம்பியதால்தான் என் தவறு எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் தூரம் என்று ஒதுக்கிய வீட்டுக்குப் போக ஆன ஆட்டோ செலவு அறுபது ரூபாய்.